தாய்ப்பத்திரத்தைத் தேடுதல்

நிலத்தைப் பற்றிய எந்த வழக்கிலும், உரிமை யாருடையது என்ற வினாவுக்கு முன்பே, அதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்ற வினா ஓசையின்றித் தீர்க்கப்பட்டுவிடுகிறது. சட்டம் இதனை மெய்ப்பிக்கும் சுமை என்று அழைக்கிறது. அந்தச் சுமை ஒரு தரப்பின் தோளில் ஏறிய கணத்திலேயே வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது. சுமை ஏறாத தரப்பு வாய் திறக்காமல் நின்றாலும் போதும், அது நிற்குமிடம் அதற்குரியதாகவே கொள்ளப்படும். கனடாவில் தொல்குடிகள் கடந்த அரை நூற்றாண்டில் நீதிமன்றங்களில் ஈட்டிய வெற்றிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவரும் எவருக்கும், அந்த வெற்றிகள் தரும் மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு நெருடல் தங்கிவிடுவது இதனால்தான். பல்லாயிரம் ஆண்டுகளாக ஓரிடத்தில் வாழ்ந்தவர்கள், தாங்கள் அங்கே வாழ்ந்ததைப் பின்னர் வந்தவர்களின் அவையில், வந்தவர்களின் மொழியில், வந்தவர்கள் ஏற்கும் சான்றுகளைக் கொண்டு மெய்ப்பித்தாக வேண்டும். வந்தவர்களோ, தங்கள் வருகை எவ்வாறு உடைமையாக மாறியது என்பதை மெய்ப்பிக்குமாறு ஒருநாளும் பணிக்கப்படவில்லை. தீர்ப்புகள் மாறியுள்ளன, சான்றுகளின் இலக்கணம் மாறியுள்ளது, நீதிபதிகளின் தொனிகூட மாறியுள்ளது; சுமை மட்டும் ஏறிய தோளிலிருந்து இறங்கவில்லை. இந்தத் துறைக்குக் கனடாவில் வழங்கும் பெயரிலேயே இதன் அடையாளம் தென்படுகிறது. தொல்குடிச் சட்டம் என்று அங்கே சொல்லப்படுவது தொல்குடிகள் தமக்கென வகுத்துக்கொண்ட சட்டம் அன்று. தொல்குடிகளைக் குறித்து அரசு இயற்றியதும் அதன் நீதிமன்றங்கள் உருவாக்கியதுமான சட்டமே. தொல்குடிகள் தலைமுறைதோறும் பேணிவரும் சொந்தச் சட்டத்தைக் குறிக்க வேறொரு பெயர் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

மனையோ வயலோ வாங்க முற்படுகிறவர் விற்பவரிடம் முதலில் கேட்பது தாய்ப்பத்திரத்தை. விற்பவர் கையிலுள்ள பத்திரம் எதிலிருந்து பிறந்தது, அது அதற்கு முந்தைய எதிலிருந்து பிறந்தது என்று பின்னோக்கிச் செல்லும் சங்கிலியின் தொடக்கம் அது. இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதற்குப் பின்வந்த கைமாற்றங்கள் அனைத்தும் ஐயத்துக்குரியவை ஆகிவிடும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் அறிவார். உடைமையைப் பிறப்போடு இணைத்துப் பேசும் இந்தச் சொல்லைக் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மேல் வைத்துப் பார்த்தால் விளங்காதிருந்த பலவும் விளங்குகின்றன. அங்கே ஒரு வீட்டின் உரிமை முந்தைய வீட்டுக்காரரிடமிருந்தும், அவருடையது மனைகளாகப் பிரித்து விற்றவரிடமிருந்தும், அவருடையது ஒரு பண்ணையாளரிடமிருந்தும் வந்திருக்கும். சங்கிலி இறுதியில் மணிமுடி வழங்கிய ஒரு கொடைப்பத்திரத்தில் போய் நிற்கும். மணிமுடி என்பது மன்னரின் பெயரால் இயங்கும் கூட்டாட்சி அரசையும் மாகாண அரசையும் ஒருசேரக் குறிக்கக் கனடாச் சட்டத்தில் வழங்கும் சொல். அந்த மணிமுடிக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சங்கிலி அங்கே அறுந்து தொங்குகிறது. நாட்டின் பிற பகுதிகள் பலவற்றில் உடன்படிக்கை என்ற பெயரில் ஏதோவொரு தாளாவது உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ, வான்கூவர் தீவில் 1850க்கும் 1854க்கும் இடையே செய்யப்பட்ட 14 சிறு உடன்படிக்கைகளையும், வடகிழக்கு மூலையில் 1899இன் எட்டாம் உடன்படிக்கையையும் தவிர்த்தால், குடியேற்றக் காலத்தில் அதுகூட எழுதப்படவில்லை. அந்த மண்ணை அதன் மக்கள் விற்கவில்லை, யாருக்கும் எழுதித் தரவில்லை, போரில் தோற்று ஒப்படைக்கவுமில்லை. ஆயினும் அது வேறொருவருடையது என்ற எடுகோளின் மேல்தான் நகரங்கள் எழுந்தன, காடுகள் வெட்டப்பட்டன.

சட்டம் இந்த வெற்றிடத்தை ஒரு தேதியால் நிரப்பிக்கொண்டது. 1846ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டனும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் வாஷிங்டனில் செய்துகொண்ட ஒரேகான் உடன்படிக்கை, மலைத்தொடருக்கு மேற்கே 49ஆவது அகலக்கோட்டை இரு நாடுகளுக்கும் எல்லையாக வகுத்தது. அந்தக் கோட்டுக்கு வடக்கே வாழ்ந்த எந்த மக்களும் அந்த மேசையில் இல்லை. தம் ஆறுகளின் மேல் ஒரு கோடு வரையப்பட்ட செய்தி அவர்களில் மிகப் பலருக்கு நெடுங்காலம் எட்டவேயில்லை. ஆயினும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மீது மணிமுடியின் இறைமை நிலைபெற்ற நாளாக நீதிமன்றங்கள் கொள்வது அந்த ஆண்டைத்தான். தொல்குடி நிலவுரிமை கோரும் மக்கள், அதாவது தம் முன்னோர் பிடித்திருந்த நிலத்தின் மேல் கூட்டாக உரிமை கோருபவர்கள், 1846இல் அந்த நிலத்தைப் போதிய அளவுக்குத் தாங்கள் பயன்படுத்தியதையும், அதைப் பிறர் நுழையாவண்ணம் காக்கும் ஆற்றலும் எண்ணமும் தங்களுக்கு இருந்ததையும், இன்றைய வாழ்வைச் சான்றாகக் காட்டுவதாயின் அன்றுதொட்டு அத்தொடர்பு அறாமல் வந்துள்ளதையும் மெய்ப்பிக்க வேண்டும். ஒரு தரப்பு அந்த ஆண்டில் எங்கே மீன் பிடித்தது, எந்தச் சரிவில் கிழங்கு தோண்டியது, எந்தக் கணவாயில் காவல் இருந்தது என்று காட்டியாக வேண்டும். மறு தரப்புக்கு அந்த ஆண்டு என்பதே போதுமான சான்றாகிவிடுகிறது. இவ்வேற்றுமையின் வேர் இன்னும் பழையது. தொல்குடிகளின் நிலவுரிமை பற்றிக் கனடாவின் முதற்பெரும் தீர்ப்பாகக் கருதப்படும் 1888ஆம் ஆண்டின் செயின்ட் கேத்தரின்ஸ் வழக்கு, ஒன்டாரியோ மாகாணத்தின் தரப்புக்கும் கூட்டாட்சி அரசின் உரிமம் பெற்ற மரநிறுவனத்துக்கும் இடையே நடந்தது. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் அந்த உரிமையை மன்னரின் நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்கும் ஒன்றாக வரையறுத்தபோது, நிலத்துக்குரிய ஒஜிப்வே மக்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. அவர்களைப் பற்றிப் பேசப்பட்டது, அவர்கள் பேசவில்லை.

பேசும் நாள் ஒருவாறு வந்தபோது கேட்கும் செவி ஆயத்தமாக இருக்கவில்லை. வடமேற்கு மலைப்பகுதியில் ஸ்கீனா, பல்க்லி ஆறுகளின் வடிநிலத்தில் வாழும் கிட்சான், வெட்சுவெட்டென் மக்களின் மரபுவழித் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரி 1984இல் தொடுத்த வழக்கு, டெல்கமூக் என்னும் தலைமைப் பெயரால் அறியப்படுகிறது. அது ஒரு மனிதரின் பெயரன்று. ஓர் இல்லத்தின் தலைமையோடு கைமாறிவரும் பெயர். வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே அப்பெயரைத் தாங்கியவர் மறைய, இன்னொருவர் அதை ஏற்றார். வழக்கின் தலைப்பே அவ்வகையில் அம்மக்களின் சட்டத்துக்கு ஒரு சான்றாக இருந்தது; ஆனால் அது சான்றாகப் படிக்கப்படவில்லை. கிட்சான் மக்களின் ஒவ்வோர் இல்லத்துக்கும் அடாவுக் எனப்படும் வரலாறு உண்டு: முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், எந்த ஆற்றோரம் எப்படி அவர்களுடையதாயிற்று, எந்த இடர் நேர்ந்தது, அப்போது எந்தப் பாட்டு பிறந்தது என்பதையெல்லாம் கோத்துவைத்திருக்கும் உரைமரபு அது, வெட்சுவெட்டென் மக்களிடம் அதற்கு இணையாகக் குங்காக்ஸ் உண்டு. இவை சொல்லப்படும் இடம் விருந்து மண்டபம். ஓர் இல்லம் தன் புதிய தலைவருக்குப் பெயர் சூட்டும்போது, பிற இல்லத்தார் முன்னிலையில் தன் நிலத்தின் எல்லைகளையும் அது தனக்கு வந்த வரலாற்றையும் எடுத்துரைக்க வேண்டும்; வந்தவர்கள் உண்டு, கேட்டு, பரிசில் பெற்றுச் செல்வதன் மூலம் சாட்சிகள் ஆகிறார்கள்; மறுப்புள்ளவர் அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும். எழுத்தர் எவரும் இல்லாத இந்த ஏற்பாட்டைப் பதிவு அலுவலகம் என்றே கொள்ளலாம். கேட்டவர்களின் நினைவே அதன் பதிவேடு. இந்த விருந்துகளைக் கனடா 1885 தொடங்கி 1951 வரை சட்டத்தால் தடைசெய்திருந்தது. பதிவேட்டைப் பூட்டிவைத்த அதே அரசு, பின்னொரு நாளில் பதிவு எங்கே என்று கேட்டது.

விசாரணை 374 நாள் நீண்டது. அதன் தொடக்க மாதங்களில், அண்ட்குலிலிபிக்ஸ் என்னும் தலைமைப் பெயரைத் தாங்கிய மேரி ஜான்சன் என்ற மூதாட்டி, தம் இல்லத்தின் வரலாற்றோடு ஒட்டிப்பிறந்த ஓர் இரங்கற்பாட்டைப் பாட வேண்டிய கட்டம் வந்தது. தலைமை நீதிபதி ஆலன் மெக்கெக்கர்ன் தயங்கினார். பாட்டின் சொற்களை எழுதித் தந்தால் போதாதா என்று கேட்டார். தமக்கு இருப்பது தகரக் காது, பாடிக்காட்டுவதால் தமக்குப் பயன் விளையாது என்றார். பாட்டு பாடப்பட்டது, அது தீர்ப்பில் வேர்கொள்ளவில்லை. இக்காட்சியை நீதிபதியின் இசையறிவின்மை என்று சுருக்கிவிடுவது எளிது; அவருக்கும் அம்மக்களுக்கும் அது நேர்மையாகாது. பாட்டைத் தாளில் படித்துக்கொள்ளலாம் என்று அவர் கருதியது, சான்று என்பது சொற்களின் பொருளில் மட்டுமே உறைகிறது என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தது. பாடுபவரின் உடல், அவர் அதைப் பாடுவதற்குப் பெற்றிருக்கும் உரிமை, அதைக் கேட்பவர் மேல் வந்து விழும் கடமை ஆகியவை சேர்ந்துதான் அப்பாட்டு சான்றாகிறது என்பதை அந்த மன்றத்தின் இலக்கணம் அறியவில்லை. தமிழில் கேள்வி என்ற சொல் வினாவையும் குறிக்கிறது, செவிவழிப் பெறும் அறிவையும் குறிக்கிறது. வள்ளுவர் இரண்டாம் பொருளில் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நீதிமன்றச் சான்றியலில் மட்டும் செவிவழிச் சான்று என்பது தள்ளத்தக்க சான்றின் பெயர். ஒருவர் தாமே காணாததை, பிறர் சொல்லக் கேட்டதாகச் சொன்னால் அது ஏற்கப்படாது என்ற அந்த விதி, குறுக்கு விசாரணைக்கு உட்படாத பேச்சு ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடாதே என்ற நல்ல அச்சத்திலிருந்து உருவானது. அதே விதி முழு நாகரிகம் ஒன்றின் முன் நிறுத்தப்பட்டபோது, கேட்டு அறிந்த அனைத்தும் ஒரே வீச்சில் ஐயத்துக்குரியவை ஆயின.

அடாவுக் வெறும் கதையன்று என்று காட்ட அம்மக்கள் மண்ணையே சாட்சிக்கு அழைத்தார்கள். மெடீக் என்னும் மாபெரும் கரடி மலையிலிருந்து மரங்களைப் பெயர்த்தெறிந்துகொண்டு இறங்கி வந்ததைச் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. அது சொல்லும் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் பெரும் நிலச்சரிவு ஒன்று நேர்ந்ததை நிலவியலாளர்கள் மன்றத்தில் எடுத்துரைத்தார்கள். ஏரியின் அடிச்சேற்றில் படிந்திருந்த மகரந்தத் துகள்களும் பேசின. அதன் பின்னும் நீதிபதி நம்பவில்லை. 1991 மார்ச்சில் வந்த தீர்ப்பு அம்மக்களின் பண்டைய வாழ்வை, 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் அரசற்ற மனிதரைப் பற்றிச் சொன்ன சொற்களால் வருணித்து, கோரிக்கையைத் தள்ளியது. ஆனால் இவ்விடத்தில் நெருடல் வேறொரு பக்கமும் திரும்புகிறது. நிலவியல் அந்த வரலாற்றை உறுதிசெய்தது என்று மகிழ்வதும் ஒருவகையில் அதே தராசைத் தூக்கிப் பிடிப்பதுதானே? கரடியின் வரலாறு நிலச்சரிவோடு பொருந்தியதால் அது மதிப்புப் பெறுகிறது என்றால், மகரந்தம் படியாத ஏரியின் கரையில் வாழ்ந்தவர்களின் வரலாறு என்னாகும்? அது மட்டுமன்று: ஓர் இல்லத்துக்கே உரியதும் பிறர் பாடக்கூடாததுமான பாட்டு, வழக்கின் பொருட்டு ஒலிநாடாவில் ஏறி, எண்ணிடப்பட்டு, யாரும் எடுத்துப் படிக்கத்தக்க ஆவணமாகிவிடுகிறது. நிலத்தைக் காக்க, நிலத்துக்கு நிகரான ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. வெற்றியிலும் இந்த இழப்பு குறைவதில்லை.

1997 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. வாய்மொழி வரலாற்றை எழுத்துச் சான்றுகளுக்குச் சமமான நிலையில் வைத்து எடையிட வேண்டும் என்றும், 1982ஆம் ஆண்டு அரசமைப்பின் 35ஆம் பிரிவு காக்கும் உரிமைகளுள் தொல்குடி நிலவுரிமையும் ஒன்று, அது நிலத்தின் மீதே உள்ள உரிமை என்றும் சொன்னது. உலகெங்கும் தொல்குடிகளின் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு, வழக்காடியவர்களுக்கு ஒரு சதுர அடி நிலத்தையும் உறுதிசெய்யவில்லை என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. மனுக்கள் வரையப்பட்ட முறையில் குறை கண்டு மறுவிசாரணைக்கு ஆணையிட்டார்கள். 374 நாளை மீண்டும் தொடங்கும் வலிமை யாருக்கு இருக்கும்? மறுவிசாரணை நடக்கவேயில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே வெட்சுவெட்டென் நிலத்தின் குறுக்கே எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டம் வந்தபோது, மரபுவழித் தலைவர்களின் ஒப்புதல் இல்லை என்று வழிமறித்தவர்களுக்கு எதிராக 2019ஆம் ஆண்டின் கடைசி நாளில் மாகாண உயர் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. உடன்படிக்கையோ தீர்ப்போ சட்டமோ ஏற்றுக்கொள்ளும்வரை தொல்குடிகளின் வழமைச் சட்டம் கனடாச் சட்டத்தின் செயலுறும் பகுதியாகாது என்பது அந்த ஆணையின் தருக்கம். சில வாரங்களில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் பனி மூடிய காட்டுப்பாதையில் கைதுகளை மேற்கொண்டார்கள். நாடெங்கும் தொடர்வண்டித் தடங்கள் மறிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றத்தின் உயர்ந்த சொற்களுக்கும் காட்டுப்பாதையில் நிகழ்ந்ததற்கும் இடையில் இருந்தது மெய்ப்பிக்கப்படாமை என்ற ஒற்றைச் சொல். மெய்ப்பிக்கப்படாத உரிமை இல்லாத உரிமையாகவே நடத்தப்படுகிறது. மெய்ப்பிக்கப்படாத இறைமைக்கு அப்படி நேர்வதில்லை.

சுமையின் எடையை நாள்களால் அளக்கலாம். 1927 முதல் 1951 வரை, நிலக்கோரிக்கைக்காகத் தொல்குடிகள் பணம் திரட்டுவதையும் அதைக் கொண்டு வழக்கறிஞரை அமர்த்துவதையும் கனடாவின் இந்தியர் சட்டம் அரசின் ஒப்புதலின்றிச் செய்யத்தகாத குற்றமாக்கியிருந்தது. அந்த ஆண்டுகளில் மறைந்த மூத்தோர் தம் நினைவில் கொண்டுசென்ற சான்றுகளுக்குக் கணக்கில்லை. சில்கோட்டின் மக்களின் வழக்கில் விசாரணை 339 நாள். நீதிபதி டேவிட் விக்கர்ஸ் நெமாயா பள்ளத்தாக்கிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கே மன்றத்தைக் கொண்டுசென்று சில வாரங்கள் அமர்ந்து மூத்தோரின் சொல்லைக் கேட்டார். மன்றம் மக்களிடம் நடந்துவந்தது சிறிய மாற்றமன்று. 1864இல் அவர்களின் தலைவர்கள் சமாதானப் பேச்சு என்று நம்பி வந்த இடத்தில் கைதாகித் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த நடையின் தொலைவு புரியும். 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1,700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் அவர்களின் உரிமையை அறிவித்தது. கனடாவின் வரலாற்றில் குறிப்பிட்ட ஒரு நிலத்தின் மேல் அப்படியோர் அறிவிப்பு வந்தது அதுவே முதன்முறை. மரம் வெட்டும் உரிமம் ஒன்றை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் அந்நாளை எட்டக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது; தீர்ப்பின் செய்தியைக் கேட்க, சாட்சி சொன்ன மூத்தோர் பலர் இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த கௌவிச்சன் தீர்ப்பு சுமையின் கதையை நகரத்துக்குள் கொண்டுவந்தது. வான்கூவர் தீவில் வாழும் கௌவிச்சன் மக்கள், கோடைதோறும் கடல்நீரிணையைப் படகில் கடந்து ஃப்ரேசர் ஆற்றின் தென்கிளையில் சால்மன் மீன் பிடிக்க வந்து தங்கிய ட்லுக்டீனஸ் என்னும் ஊர், இன்று ரிச்மண்ட் நகரின் எல்லைக்குள் சேமிப்புக் கிடங்குகளும் வயல்களும் வீடுகளுமாகக் கிடக்கிறது. 513 நாள் விசாரணைக்குப் பின் நீதிபதி பார்பரா யங், அவர்கள் கோரிய பகுதியில் ஏறத்தாழ 800 ஏக்கருக்குத் தொல்குடி நிலவுரிமை உண்டென்று அறிவித்தார்; அந்த நிலத்தை மணிமுடி தனியாருக்கு வழங்கியது அவ்வுரிமையை நியாயமின்றி மீறிய செயல் என்றும் கண்டார். அருகிலுள்ள வேறு தொல்குடிகளும் இக்கோரிக்கையை எதிர்த்து வழக்காடின என்பதையும், மேல்முறையீடுகள் தொடுக்கப்பட்டுள்ளன என்பதையும் சேர்த்தே இதை எண்ண வேண்டும். ஆயினும் இத்தீர்ப்பின் ஆழமான வினா வேறிடத்தில் உள்ளது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலப்பதிவு டாரன்ஸ் முறையைத் தழுவியது. ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அம்முறையில் தாய்ப்பத்திரம் தேட வேண்டியதில்லை. பதிவேட்டில் இன்று யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், பதிவேட்டுக்குப் பின்னே திரை விழுந்துவிடுகிறது. பழைய பத்திரக்கட்டுகளில் சிக்கித் தவித்த சிறு உழவர்களுக்கும் வாங்குவோருக்கும் அது பெரும் விடுதலையாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் திரை முதன்முதலில் நெய்யப்பட்டது ஒரு குடியேற்ற நாட்டில், தொல்குடிகளிடமிருந்து எந்தப் பத்திரமும் இன்றி எடுக்கப்பட்ட மண்ணில் என்பதை எண்ணும்போது, பின்னோக்கிப் பார்க்கத் தேவையில்லாத பதிவேடு என்பது வசதியாக மட்டும் தோன்றுவதில்லை. பார்க்க முடியாத ஒன்று அங்கே இருந்தது. பதிவேட்டின் முடிந்த முடிபு என்ற தன்மை தொல்குடி நிலவுரிமைக்குத் தடையாகாது என்று இத்தீர்ப்பு சொன்னபோது விலகியது அந்தத் திரையின் ஓரந்தான். அதற்கே நாடு அதிர்ந்தது.

அதிர்ந்தவர்களின் அச்சத்தைப் புறந்தள்ளுவது அறமாகாது. கௌவிச்சன் மக்கள் தனியார் வீடுகளைக் கோரவில்லை, தனியார் எவரையும் பிரதிவாதியாகச் சேர்க்கவில்லை, அவர்களின் பத்திரங்களைச் செல்லாதவை என்று அறிவிக்குமாறு கேட்கவுமில்லை. தீர்ப்பு பழுதுள்ளவை என்று சொன்னது கூட்டாட்சி அரசும் ரிச்மண்ட் நகராட்சியும் வைத்திருந்த பத்திரங்களை. எனினும் கடன் வாங்கி வீடு கட்டியவருக்குத் தன் காலடி மண் யாருடையது என்ற ஐயம் எழுந்துவிட்டால் உறக்கம் பிடிக்காது. அந்த உறக்கமின்மையை அம்மண்ணின் முதற்குடிகள் ஒன்றரை நூற்றாண்டாகச் சுமந்துவருகிறார்கள் என்பது அச்சத்தைப் போக்கும் மருந்தாகாது; ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் வழியாகலாம். கனடாவில் வாழும் தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஈழத்துத் தமிழில் நிலப்பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். கையில் உறுதி இருந்தும் காணிக்குத் திரும்ப முடியாமற்போனவர்கள் பலர் அந்நாட்டில் தஞ்சமடைந்து மீண்டும் ஓர் உறுதியை வாங்கினார்கள். அவர்கள் பெருந்தொகையாக வாழும் டொரண்டோப் பெருநகரின் ஒரு பெரும்பகுதிக்குத் தாய்ப்பத்திரம் 1787இல் மிசிசாகா மக்களோடு செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் கொள்முதல். அந்தப் பத்திரம் பின்னர் எடுத்துப் பார்க்கப்பட்டபோது அதில் நிலத்தின் எல்லைகள் எழுதப்பட்டிருக்கவில்லை. தலைவர்களின் குலக்குறிகள் தனித் துண்டுத் தாள்களில் வரையப்பட்டு, நிரப்பப்படாத தாளோடு ஒட்டப்பட்டிருந்தன. அக்குறையை மூடுவதற்காக 1805இல் பத்து ஷில்லிங் விலைக்கு மற்றொரு பத்திரம் எழுதப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2010இல், 14.5 கோடி டாலர் இழப்பீட்டோடு கோரிக்கை தீர்க்கப்பட்டது. எழுத்தே சான்று, பாட்டு சான்றாகாது என்று கருதிய ஒரு சட்டமரபைக் கொண்ட நாட்டின் மிகப்பெரிய நகரம், எழுதப்படாத தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது. விழா மேடைகளில் தொடக்கத்தில் வாசிக்கப்படும் நிலவணக்க உரையைச் சடங்காகக் கேட்டுக் கடந்துவிடாமல் நிறுத்தும் செய்தி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சுமையை இறக்கி வைக்க முடியாதா என்ற வினாவுக்கு ஹைடா மக்களின் அண்மைய அனுபவம் ஒரு விடையைக் காட்டுகிறது. ஜார்ஜ் டிக்சன் என்ற கப்பல்தலைவர் 1787இல் தம் கப்பலின் பெயரையும், அதன் வழியே பிரிட்டிஷ் அரசியின் பெயரையும் அவர்களின் தீவுகளுக்குச் சூட்டினார். பெரியம்மையால் அழிந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 600க்கும் குறைவாக எஞ்சிய அம்மக்கள், 2010இல் அந்தப் பெயரை, வளைத்துச் செய்த தேவதாருப் பெட்டியொன்றில் வைத்து அரசிடமே முறைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். தீவுகள் மீண்டும் ஹைடா க்வாய் ஆயின. 2002இல் அவர்கள் தொடுத்திருந்த நிலவுரிமை வழக்கு பல்லாண்டு காத்துக் கிடக்க, 2024 ஏப்ரலில் மாகாண அரசு, ஏறும் ஓதம் என்று பொருள்படும் பெயர்கொண்ட உடன்பாட்டின் வழியே, ஹைடா க்வாய் முழுவதும் ஹைடா மக்களின் நிலவுரிமையை ஏற்றது. 2025இல் கூட்டாட்சி அரசும் ஏற்றது. எவரும் பாடிக்காட்டவில்லை, மகரந்தம் எண்ணப்படவில்லை, 1846இல் யார் எங்கே நின்றார் என்று குறுக்கு விசாரணை நடக்கவில்லை. தீவுகளில் தனியார் வைத்திருக்கும் வீடும் மனையும் ஹைடா மக்களின் ஒப்புதலோடு அப்படியே தொடர்கின்றன. இங்கே நிகழ்ந்ததைச் சலுகையாகப் படிப்பது பிழை. உரிமையாளர் யார் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட பின் அவரே பிறரை இருக்கச் சொல்கிறார். இருப்பவர்களின் உறக்கமும் அதனாலேயே காக்கப்படுகிறது. ஆயினும் ஏற்றல் என்ற செயலுக்குள்ளும் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது: ஏற்பவர் மேலிருந்து ஏற்கிறார், ஏற்கப்படுபவர் கீழிருந்து பெறுகிறார். ஏற்றவர் நாளை மனம் மாறினால்? 2025 டிசம்பரில் மாகாண மேல்முறையீட்டு மன்றம், கிட்காலா மக்களின் வழக்கில், ஐக்கிய நாடுகளின் தொல்குடி உரிமைப் பிரகடனத்தைத் தழுவி 2019இல் மாகாணம் இயற்றிய சட்டத்துக்கு உடனடிச் சட்டவலு உண்டு என்று தீர்ப்பளித்தது. யாரையும் கேளாமல் கணினியின் வழியே சுரங்க உரிமை பதிந்துகொள்ளும் ஏற்பாடு அப்பிரகடனத்தோடு பொருந்தாது என்றும் சொன்னது. அரசின் மறுமொழி, அந்தச் சட்டத்தையே திருத்தப்போவதாக அறிவித்ததுதான். வாக்குறுதியை நிறைவேற்றுமாறு கேட்கத் தொடங்கியதும் அது தந்தவருக்குக் கனத்துவிடுகிறது.

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தொல்குடிக் குழந்தைகளின் நலன் பற்றிய சட்டத்தை உறுதிசெய்தபோது, தொல்குடிகளின் சட்டம், நாட்டுச் சட்டம், பன்னாட்டு நெறி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பின்னுவதைப் பற்றிப் பேசியது. பின்னல் நல்ல உவமை. மூன்று புரிகளும் ஒன்றையொன்று தாங்கினால்தான் அது நிற்கும். எந்தப் புரியும் தன்னை மட்டும் நூலென்றும் மற்றவற்றை நாரென்றும் கருதினால் பின்னல் அவிழ்ந்துவிடும். அவ்வுவமையை மெய்யாக்க வேண்டுமானால் கிட்சான் விருந்து மண்டபத்தின் முறையிலிருந்து மணிமுடி கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே நிலத்தைத் தனதென்று சொல்லும் எவரும் சாட்சிகள் முன் எழுந்து, அது தன்னிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்; தலைவருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. மெய்ப்பிக்கும் சுமை அங்கே எளியவர் மேல் ஏற்றப்படும் தண்டனையாக இல்லை, உரிமை கொண்டாடும் எல்லாரும் முறைவைத்து ஏற்கும் மரியாதையாக இருக்கிறது. மணிமுடி அந்த மண்டபத்தில் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. நின்றால், வாஷிங்டனில் வரையப்பட்ட கோட்டைச் சொல்ல வேண்டும். டொரண்டோவின் நிரப்பப்படாத தாளைச் சொல்ல வேண்டும். பூட்டிய மண்டபங்களையும், சமாதானம் என்று நம்பி வந்தவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கேட்பவர்களுள் மறுப்புள்ளவர் எழுவார்கள்; அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். அது எளிதன்று. ஆனால் 374 நாளும், 339 நாளும், 513 நாளும் அந்நிய மன்றத்தில் நின்று தம் வரலாற்றைச் சொன்ன மக்களிடம், அதைக் கேட்கும் பொறுமை குறைவுபட்டதாக எந்தச் சான்றும் இல்லை.